கண்டெடுத்த ஆட்டைத் தோளில் சுமந்தவர் யார்?

(வாசிக்க: உபாகமம் 22:6-7, லூக்காஸ் 15:4-7)



உபாகமம் 22ஆம் அதிகாரத்திலே ஒரு சிறு கட்டளை உண்டு. கொலை செய்யாதே, களவு செய்யாதே என்னும் பெருங்கட்டளைகளை ஞானோபதேச வகுப்பிலே மனப்பாடம் செய்த நாம், இதனை அநேகமாகக் கவனிப்பதில்லை. வழியிலே போகிற ஒருவன் மரத்திலோ தரையிலோ ஒரு குருவிக் கூட்டைக் காண்கிறான். தாய்க் குருவி முட்டைகளின் மேலோ குஞ்சுகளின் மேலோ உட்கார்ந்திருக்கிறது. குஞ்சுகளை அவன் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தாயைப் பிடிக்கக் கூடாது, அதைப் போகவிட வேண்டும் என்று மோயீசன் வழியாக ஆண்டவர் கற்பிக்கிறார்.

இக்கட்டளையோடு ஒரு வாக்குறுதியும் சேர்ந்திருக்கிறது. இதனை அனுசரிப்பவனுக்கு நன்மையும் நீடிய வாழ்வும் உண்டாகும். தாய் தந்தையரைச் சங்கிப்பவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அதே வாக்குறுதி இது! பெற்றோருக்குச் செய்யும் மரியாதைக்கும், காட்டிலுள்ள ஒரு குருவிக்குக் காட்டும் இரக்கத்துக்கும் ஒரே ஆசீர்வாதத்தை ஆண்டவர் வைத்தது ஏன்? இரண்டிலும் நாம் மதிப்பது ஒன்றைத்தான்: உயிர் எங்கிருந்து வருகிறதோ அந்த ஊற்றை. குஞ்சை எடுத்தவன் இன்றைக்குச் சாப்பிடுகிறான். தாயையும் எடுத்தவனோ வருகிற ஆண்டின் கூட்டையும், தன் பேரப்பிள்ளைகள் காணவேண்டிய கூட்டையும் சேர்த்தே எடுத்துவிடுகிறான். எடுத்துக்கொள், ஆனால் எல்லை வைத்து எடு என்பதே இதன் பொருள்.

இந்த எல்லை மறக்கப்பட்டபோது நடந்ததை அறிய, தாய்லாந்து நாட்டின் தென்பகுதியிலுள்ள ஒரு சிறு காட்டைச் சற்றுப் பார்ப்போம்.

வெந்நீர்ச் சுனைகளின் காடு

கிராபி மாகாணத்திலே காவ் பிரா - பாங் கிராம் என்றொரு வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. பெரிய காடன்று. ஆனால் அதற்குள்ளே ஆண்டவர் வைத்திருக்கும் செல்வமோ பெரிது. ஏறக்குறைய 300 வகைப் பறவைகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. மீன்கொத்திகள், மரங்கொத்திகள், ஆந்தைகள், அகன்ற அலகுள்ள வண்ணப் பறவைகள் என ஒவ்வொன்றும் தனக்குரிய கிளையிலே, தனக்குரிய வேளையிலே, தனக்குரிய குரலிலே இருக்கின்றது.

நிலத்தின் கீழிருந்து வெதுவெதுப்பான நீர் ஊறுகின்ற இடம் அது. மழைநீர் பூமிக்குள்ளே ஆழமாக இறங்கி, அங்குள்ள வெப்பத்தாற் சூடேறி, பாறை வெடிப்புகளின் வழியே மீண்டும் மேலே வருகிறது. வரும் வழியிலே சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துக்கொண்டு வருகிறது. நமது திருகோணமலைக் கன்னியாவின் ஏழு கிணறுகளை அறிந்தவர்களுக்கு வெந்நீர் ஊற்று புதுமையன்று. ஆனால் இங்கே அந்த நீர் அடர்ந்த காட்டின் நடுவே மரகதக் குளம் எனப்படும் ஒரு தடாகமாகத் தேங்கி நிற்கிறது. அடி தெரியும் பச்சை நிறம். அயலிலுள்ள கிலோங் தொம் என்னும் இடத்திலே, ஏறக்குறைய 40 பாகை சூடான நீர் படிப்படியாக இறங்கிக் குளிர்ந்த ஓடையிலே விழுகிறது. நீரிலுள்ள சுண்ணாம்பு படிந்து படிந்து, ஆட்கள் உட்கார்ந்து குளிக்கத் தக்க தொட்டிகளைப் போன்ற குழிகளை உண்டாக்கியிருக்கிறது. எந்தக் கொத்தனும் கட்டாத தொட்டிகள் அவை.

சரணாலயத்தினுள்ளே இன்னொரு நீலச் சுனையும் உண்டு. அதில் இறங்கிக் குளிக்கத் தடை. பார்க்கலாம், தொடக்கூடாது. ஏதேன் தோட்டத்திலே எல்லா மரங்களுக்கும் நடுவே ஒரு மரத்தை மட்டும் ஆண்டவர் ஒதுக்கி வைத்ததை நினைத்துக்கொள்ளுங்கள். தோட்டம் முழுவதும் தனக்கே என்று மனிதன் எண்ணிவிடாதபடி, அவன் கைபடாத ஒன்று அங்கே இருக்கவேண்டியிருந்தது.

உல்லாசப் பிரயாணிகள் ஆயிரக்கணக்கிலே அந்த மரகதக் குளத்துக்கு வருகிறார்கள். குளிக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், போகிறார்கள். அதிலே பிழையொன்றுமில்லை. ஆனால் அந்தக் காட்டின் பெயரை உலகமெங்கும் பறவை ஆராய்ச்சியாளர் நாவிலே வைத்தது அக்குளமன்று; ஒரு சாண் நீளமுள்ள ஒரு பறவை.

முப்பத்துநான்கு ஆண்டுகள்

கேர்னியின் பிட்டா என்பது அதன் பெயர். 1875ஆம் ஆண்டிலே ஹியூம் என்ற ஆங்கிலேயர் அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார். பிட்டா என்ற சொல் தெலுங்கு மொழியிலிருந்து போனது. சிறு பறவை என்பது பொருள். ஆண் பறவைக்குத் தலையுச்சியிலே பளிச்சிடும் நீலம், முகத்திலும் மார்பிலும் கறுப்பு, விலாவிலே மஞ்சள். இத்தனை அழகிருந்தும் அது தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. ஈரமான தாழ்நிலக் காட்டிலே, தரையிலே துள்ளித் துள்ளிச் சருகைக் கிளறி, மண்புழுவையும் பூச்சியையும் தின்று, முள்ளுள்ள சிறு பனையினங்களிலே கூடு கட்டி வாழ்கிறது.

அதன் உறவுப் பறவையொன்றை நம்மில் அநேகர் அறிவோம். வாடைக் காலத்தில் இந்தியாவிலிருந்து நமது தீவுக்கு வந்து, சில மாதம் தங்கித் திரும்பும் ஆறுமணிக்குருவி அதே குடும்பத்தைச் சேர்ந்தது. காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவிலே கூவுவதால் அதற்கு அந்தப் பெயர். நீண்ட பயணத்தாற் களைத்து, சில வேளைகளிலே வீட்டு முற்றத்திலும் விறாந்தையிலும் வந்து விழுவதுமுண்டு. அந்தச் சின்ன அதிதியின் சகோதரம் ஒன்றைப் பற்றித்தான் பேசுகிறோம்.

கேர்னியின் பிட்டா தென் தாய்லாந்துக்கும் அதையடுத்த தென் மியன்மாருக்கும் மட்டுமே உரியது. உலகில் வேறெங்கும் இல்லை. 1952ஆம் ஆண்டுக்குப் பின் அதனைக் காட்டிலே கண்டவர் எவருமில்லை. மியன்மாரிலோ 1914க்குப் பின்னரே காணவில்லை. அழிந்துபோயிற்று என்று பலர் எண்ணினர். அப்படியிருக்க, பிலிப் ரவுண்ட் என்ற ஆங்கிலேயரும் உதாய் திரீசூகொன் என்ற தாய்லாந்துக்காரரும் அதைத் தேடிப் புறப்பட்டார்கள். பேங்கொக் நகரிலே பறவை வியாபாரி ஒருவரிடம் உயிருள்ள பறவைகள் இருந்தது துப்பாயிற்று. அவை பிடிபட்ட இடத்தைத் தேடிக்கொண்டு போய், 1986ஆம் ஆண்டு யூன் மாதத்திலே இந்தக் காட்டில் அதனைக் கண்டார்கள். முப்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின்! காணாமற்போன ஆட்டைக் கண்டெடுத்த மேய்ப்பனின் மகிழ்ச்சி அவர்களுக்கு உண்டாயிருக்குமென்பதில் ஐயமில்லை.

கண்டுபிடிக்கப்பட்ட காலத்தில் அங்கே ஏறக்குறைய 45 சோடிகள் இருந்தன. அடுத்த ஆண்டே, 1987இல், அந்த இடம் வேட்டை தடைசெய்யப்பட்ட பகுதியாயிற்று. 1993இல் சரணாலயமாக உயர்த்தப்பட்டது. சட்டம் வந்தது, காவலும் வந்தது, உலகத்தின் கண்ணும் அதன் மேல் விழுந்தது. இத்தனைக்கும் பின்னர், 1997ஆம் ஆண்டு எண்ணியபோது எஞ்சியிருந்தவை எத்தனை தெரியுமா? 9 சோடிகள்.

கண்டெடுக்கப்பட்ட பின்னர்தான் அது பெருமளவு தொலைந்தது. நாம் நின்று சிந்திக்கவேண்டிய இடம் இதுவே.

யாரைக் குற்றஞ்சொல்வது?

துப்பாக்கியும் கண்ணியும் மட்டும் இதைச் செய்யவில்லை. காடு போயிற்று; காட்டோடு பறவையும் போயிற்று. இந்தப் பறவை மலையுச்சியிலே வாழாது. சமதரையான தாழ்நிலக் காடே அதன் வீடு. அந்தச் சமதரையோ இறப்பருக்கும் எண்ணெய்ப்பனைக்கும் மிகவும் வாய்ப்பான நிலம். ஆகவே பறவையும் மனிதனும் ஒரே துண்டு நிலத்தைக் கேட்டார்கள். மனிதன் கையிலே கோடரி இருந்தது.

அந்தக் கோடரியைப் பிடித்தவர்களெல்லாம் கொடியவர்களா? அவசரப்பட்டுத் தீர்ப்பிடாதிருப்போம். அவர்களுள்ளே பலர் சிறு துண்டு நிலம் வைத்திருந்த குடியானவர்கள். விடியுமுன்னரே விளக்கோடு எழுந்து போய் இறப்பர்ப் பால் வெட்டி, அதிலே பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள். அந்த வாழ்க்கை நமக்கு அந்நியமா? பிரேசில் நாட்டு விதையிலிருந்து முளைத்த இறப்பர்க் கன்றுகள் 1876ஆம் ஆண்டிலே நமது தீவின் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அன்றிலிருந்து இன்றுவரை களுத்துறையிலும் கேகாலையிலும் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் அந்த மரத்தின் பாலிலே கஞ்சி கண்டிருக்கின்றன! பால் வெட்டும் கையைப் பழிக்க நம்மால் இயலாது. பழிக்கவும் கூடாது.

ஒவ்வொருவனும் ஒரு துண்டு நிலத்தை மட்டுமே வெளியாக்கினான். ஒவ்வொருவனுக்கும் நியாயமான தேவை இருந்தது. என் துண்டினால் ஒரு காடு அழிந்துவிடுமா என்று அவன் கேட்டிருந்தால், இல்லை என்பதே உண்மையான விடை. ஆனால் எல்லாருடைய துண்டுகளும் சேர்ந்தபோது காடு இல்லை. அன்பானவர்களே, பாவசங்கீர்த்தனத்திலே சொல்லத் தோன்றாத பாவம் இதுதான். தனியொருவன் செய்ததாகத் தெரியாது. எல்லாரும் சேர்ந்து செய்திருப்போம். குஞ்சை எடுத்தேன் என்று ஒவ்வொருவனும் சொல்வான். தாயைப் பிடித்தவன் யார் என்று கேட்டால் ஒருவனும் இரான்.

விலையில்லாக் காணிக்கை

இன்னொன்றையும் கவனியுங்கள். சரணாலயத்தின் எல்லைக்கோடு வரையப்பட்டபோது குன்றுப் பகுதிகள் உள்ளே வந்தன. பறவைக்கு மிகவும் வேண்டிய தாழ்நிலத்திலே பெரும்பகுதி வெளியே நின்றுவிட்டது. குன்றிலே எவரும் தோட்டம் போடக் கேட்கவில்லை. ஆகவே அதைக் காப்பது எளிதாயிருந்தது. சமதரையை எல்லாரும் கேட்டார்கள். ஆகவே அதைக் காப்பது கடினமாயிருந்தது.

சாமுவேலின் இரண்டாம் ஆகமக் கடைசி அதிகாரத்திலே ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஆண்டவருக்குப் பீடம் கட்டத் தாவீது அரசர் ஒரு களத்தைத் தேடி வருகிறார். களத்துக்காரன் நிலத்தையும் மாடுகளையும் விறகையும் சும்மா தருகிறேன் என்கிறான். தாவீது மறுக்கிறார். தனக்கு எந்தச் செலவுமில்லாத பலியை ஆண்டவருக்குக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லி, வெள்ளி கொடுத்தே வாங்குகிறார். நாமோ நமக்கு வேண்டாததை ஒதுக்கி வைத்துவிட்டு, அதனைக் காணிக்கை என்கிறோம். மிஞ்சிய நேரம் செபத்துக்கு. கிழிந்த சட்டை ஏழைக்கு. பயிர் ஏறாத குன்று பறவைக்கு!

ஆண்டவரின் படைப்பைக் காப்பதற்கு விலை உண்டு. அந்த விலையை யார் கொடுப்பது என்பதே கேள்வி. அதனை ஏழைக் குடியானவன் ஒருவனே கொடுக்கவேண்டும் என்று தூரத்திலிருந்து சொல்வது நீதியன்று. இறப்பர் வளையத்தையும் பாமாயிலையும் வாங்குகிறவர்கள் நாமும்தானே. பாப்பரசர் பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட லௌதாத்தோ சீ என்னும் நிருபத்திலே இந்த இரண்டையும் சேர்த்தே பேசினார். பூமியின் வேதனையும் ஏழையின் வேதனையும் வெவ்வேறல்ல. ஒன்றைக் கேட்டு மற்றதற்குக் காதடைத்துக்கொள்ள முடியாது என்று போதித்தார். நம்மாலே ஓர் உயிரினம் அழியும்போது, அது தன் இருப்பினாலே ஆண்டவருக்குக் கொடுத்துவந்த மகிமை நின்றுபோகிறது; அப்படி நிறுத்திவிட நமக்கு உரிமையில்லை என்றும் எடுத்துரைத்தார்.

தோளிலே சுமத்தல்

இப்போது லூக்காஸ் நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்துக்கு வருவோம். நூறு ஆடுகளிலே ஒன்றைத் தொலைத்த மேய்ப்பன் தேடிப்போகிறான், கண்டுபிடிக்கிறான். நாம் அநேகமாக அத்துடன் கதை முடிந்ததென எண்ணி மகிழ்ந்துவிடுகிறோம். ஆனால் யேசுபெருமான் அங்கே நிறுத்தவில்லை. கண்டுபிடித்தவன் அதைத் தோளிலே போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். பின்புதான் அயலவரையும் நண்பரையும் கூப்பிட்டுக் கொண்டாடுகிறான்.

கண்டெடுப்பது ஒரு நாள் வேலை. சுமப்பது வழிநெடுக வேலை. கண்டெடுத்தவனைப் பத்திரிகைகள் புகழும். சுமப்பவனுடைய தோள் வலி எவருக்கும் தெரியாது. ஓர் ஆட்டைச் சுமந்துகொண்டு கல்லிலும் முள்ளிலும் நடப்பவன், கையிலே வேறெதையும் தூக்க இயலாது. எதையாவது கீழே வைத்துவிட்டே நடக்கவேண்டும்.

1986இல் அந்தப் பறவை கண்டெடுக்கப்பட்டது. தோள் கொடுத்தவர்கள் இல்லாமலில்லை. ஊர்மக்களோடு சேர்ந்து காட்டைக் காக்க முயன்றவர்கள் இருந்தார்கள். அவர்கள் சிலர், சுமையோ பெரிது. 2003ஆம் ஆண்டிலே தென் மியன்மாரின் தாழ்நிலக் காடுகளில் மறுபடியும் இப்பறவை காணப்பட்டது. அங்கே எண்ணிக்கை கூடுதலாயிருந்தது. இரண்டாம் முறையும் ஆடு கண்டெடுக்கப்பட்டது! ஆனால் அங்கும் எண்ணெய்ப்பனைக்காகக் காடுகள் வெட்டப்படலாயின. இன்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை மிகக் கடுமையான அழிவாபத்திலுள்ள இனமென்றே குறித்திருக்கிறது.

இருந்தும் நம்பிக்கையிழக்க வேண்டியதில்லை. இந்தப் பறவை மனிதன் கைபடாத ஆதிக் காட்டை மட்டுமே கேட்பதில்லை. ஒருமுறை வெட்டப்பட்டு, பின்பு சும்மா விடப்பட்டு, மறுபடி வளர்ந்த காட்டிலும், ஓடைக்கரைப் பற்றையிலும் அது வாழக்கூடியது. அது நம்மிடம் கேட்பது நிறைவான பரிசுத்தத்தையன்று. கொஞ்சம் விட்டுவைக்கும் மனத்தை. மனந்திரும்பிய பாவியை ஏற்றுக்கொள்ளும் ஆண்டவர், விட்டுவைத்த நிலத்திலும் உயிரைத் திரும்பவும் தழைக்கச் செய்கிறார்.

நமது வீட்டிலும் பங்கிலும்

வாசகர்களே, தாய்லாந்துக் காட்டை நம்மிற் பெரும்பாலோர் காணப்போவதில்லை. ஆனால் உபாகமத்துக் கட்டளை நமக்கும் உரியது. நாம் தாயையும் குஞ்சையும் சேர்த்து எடுக்கும் இடங்கள் எவை?

மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் முல்லைத்தீவிலும் கடலை நம்பி வாழும் குடும்பங்களே, சினை மீனையும் குஞ்சு மீனையும் ஒன்றாய் வாரும் வலையையும், கடலடித் தரையைச் சுரண்டும் தொழிலையும் எண்ணிப் பாருங்கள். இவற்றாலே வந்த நட்டத்தை உங்களைவிட அறிந்தவர் யார்? பிறர் செய்யும்போது நமக்கு அது அநீதியாய்த் தெரிகிறது. நாமே செய்யும்போதும் அது அநீதிதான்.

கமக்காரக் குடும்பங்களே, வேலியோரத்துப் பற்றையையும் குளக்கட்டு மரத்தையும் ஓரிரண்டாவது விட்டுவையுங்கள். பெற்றோரே, பிள்ளை கெற்றப்போலோடு குருவிக்குக் குறிவைக்கும்போது சிரித்துக்கொண்டு நில்லாதீர்கள். ஐந்து குருவிகளில் ஒன்றையேனும் இறைவன் மறப்பதில்லை என்று யேசு சொன்னதை அந்த நேரத்திலேயே சொல்லிக்கொடுங்கள். தோட்டத்திலும் இறப்பர்க் காட்டிலும் உழைக்கும் சகோதர சகோதரிகளே, ஓடைக்கரையை வெட்டாது விடுவது குருவிக்கு மட்டுமன்று, நீங்கள் குடிக்கும் தண்ணீருக்கும் காவல்.

பங்குகளிலும் ஒன்று செய்யலாம். கோவில் வளவிலே ஒரு மூலையை ஒதுக்கி, நம் மண்ணுக்குரிய மரங்களை நட்டு, அதை வெளியாக்காமல் விடலாம். வருகிற விருந்தாளிக் குருவிகள் இறங்கி இளைப்பாற அது போதும். ஒதுக்கும் மூலை ஒன்றுக்கும் உதவாத மூலையாயிருக்க வேண்டாம். தாவீது கொடுத்த வெள்ளியை நினைத்து நல்ல மூலையாகவே கொடுங்கள்.

ஆதி மனிதனை ஏதேனிலே வைத்தபோது நிலத்தைப் பண்படுத்தும் வேலையையும் அதைக் காக்கும் வேலையையும் ஆண்டவர் ஒன்றாகவே ஒப்படைத்தார். முதல் வேலையை நாம் நன்றாய்க் கற்றுக்கொண்டோம். இரண்டாவதைப் பற்றியும் ஒருநாள் கணக்குக் கேட்கப்படும். இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும், இந்த ஆண்டு நம் வீடு எடுக்காமல் விட்டுவைக்கப்போவது எது என்று பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அதன்பின் இவ்வாறு செபியுங்கள்:

சிருஷ்டிகராகிய ஆண்டவரே, உம்முடைய கையிலிருந்து நாங்கள் எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டோம். எங்கள் தேவைக்கு எடுக்கவும், எங்கள் பிள்ளைகளுக்காகவும் உம்முடைய மகிமைக்காகவும் விட்டுவைக்கவும் எங்களுக்கு ஞானம் தாரும். உழைத்து உண்ணும் ஏழையையும், கூடு தேடும் குருவியையும் ஒருங்கே காத்தருளும். நீர் எங்களைத் தோளிலே சுமந்தது போல, எங்களிடம் ஒப்படைக்கப்பட்டதை நாங்களும் வீடு சேருமட்டும் சுமக்க வரந் தாரும். ஆமென்.